பீர் விழாவுக்குக் கெடுபிடி; சம்சுவுக்கு யார் காவல்?

கோலாலம்பூர்: 2025 நவம்பர் 1ஆம் தேதி முதல் மலேசியாவில் மதுபானங்களுக்கான கலால் வரி 10 விழுக்காடு உயர்ந்தது. நிதியமைச்சர் பொறுப்பையும் வகிக்கும் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம், 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் இதை அறிவித்தார். விலை ஏறினால் குடி குறையும் என்பதுதான் இத்தகைய வரிகளுக்குச் சொல்லப்படும் காரணம்.

குடியால் நிலைகுலைந்த குடும்பங்களை அருகிலிருந்து பார்த்த எவரும் இதை எதிர்க்க மாட்டார்கள். தோட்டப்புறத்திலும் தாமான்களிலும் அப்படிப்பட்ட வீடுகளுக்குக் குறைவில்லை. ஆனால், எந்த மது எவ்வளவு விலை ஏறுகிறது, எது எட்டும் விலையிலேயே நிற்கிறது, எதைக் குடிப்பவர் மீது நாட்டின் கண் விழுகிறது, எதைக் குடித்துச் சாகிறவர் கணக்கில் வராமல் போகிறார் என்று பிரித்துப் பார்த்தால் படம் மாறுகிறது. கடந்த சில ஆண்டுகளாக நகரங்களில் பரவிவரும் கிராஃப்ட் பீர் நிகழ்ச்சிகள் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகின்றன.

*கிராஃப்ட் பீர் என்பது என்ன?*

மலேசிய பீர் சந்தை நீண்ட காலமாக இரண்டு பெரிய நிறுவனங்களின் கையில் உள்ளது. ஒன்று ஷா ஆலாமில் ஆலை வைத்திருக்கும் கார்ல்ஸ்பெர்க். மற்றொன்று சுங்கை வேயில் இயங்கும் ஹைனெகென் மலேசியா. 2016 வரை கின்னஸ் ஆங்கர் என்ற பெயரில் இருந்த அதே நிறுவனம். காப்பிக்கடை முதல் கல்யாண விருந்து வரை மேசைக்கு வரும் பாட்டில்கள் பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களிலிருந்தே வருகின்றன.

கிராஃப்ட் பீர் சிறு ஆலைகளில் குறைந்த அளவில் காய்ச்சப்படுவது. மூலப்பொருள்கள் அதேதான்: முளைகட்டிய வாற்கோதுமை, ஹாப்ஸ் பூ, நொதி, தண்ணீர். ஆனால் ஒரு தொட்டிக்குச் சில நூறு லிட்டர் முதல் சில ஆயிரம் லிட்டர் வரைதான். அதனால் துணிந்து சோதனை செய்ய முடிகிறது. பாண்டான் இலை, மலாக்கா வெல்லம், கஸ்தூரி எலுமிச்சை, கொக்கோ என்று இந்த வட்டாரத்துப் பொருள்கள் பீருக்குள் வந்தது இப்படித்தான். ஒரு முறை காய்ச்சியது தீர்ந்தால் அதே சுவை திரும்ப வராமலும் போகலாம். புதிய பீர் வெளியீடு என்றால் ஆர்வலர்கள் தேதி பார்த்துப் போவதற்கு அதுவே காரணம்.

இன்னொரு காரணம் புதுமை குலையாமை. ஐ.பி.ஏ. எனப்படும் கசப்பும் மணமும் மிகுந்த வகையில் ஹாப்ஸ் மணம் சில மாதங்களிலேயே மங்கிவிடும். வெயில் நாட்டில் குளிர்பதனம் தவறினால் இன்னும் வேகமாகக் கெடும். எனவே ஆலையிலிருந்து வந்த சூட்டோடு குடித்துப் பார்க்க ஒரு நிகழ்ச்சி தேவைப்படுகிறது. ஒரு மதுக்கூடத்தின் எல்லாக் குழாய்களையும் ஓர் இரவுக்கு ஒரே ஆலைக்குக் கொடுப்பது உண்டு. பல ஆலைகள் ஒரே கூடத்தில் கடை விரிப்பதும் உண்டு. 100 மில்லி, 150 மில்லி என்று சிறு குவளைகளில் ருசி பார்க்கலாம். காய்ச்சியவரே எதிரில் நின்று விளக்கம் சொல்வார்.

அண்டை நாடான சிங்கப்பூரில் இது இன்னும் முன்னதாகவே வேரூன்றியது. அங்கு பிரூவெர்க்ஸ் என்ற சிற்றாலை 1997இல் தொடங்கியது. 2022இல் அந்த ஆலை, நாட்டின் தண்ணீர் நிறுவனத்துடன் சேர்ந்து, சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரான நியூவாட்டரில் காய்ச்சிய ‘நியூப்ரூ’ பீரை வெளியிட்டது. மறுசுழற்சித் தண்ணீர் குடிக்கத் தகுந்தது என்று மக்களை நம்பவைக்க, அந்நாடு ஒரு பீர் வெளியீட்டைப் பயன்படுத்திக்கொண்டது.

*2017இல் நடந்தது*

மலேசியாவில் கதை வேறு. ‘பெட்டர் பீர் ஃபெஸ்டிவல்’ என்ற கிராஃப்ட் பீர் விழா 2012 முதல் கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆண்டுதோறும் நடந்துவந்தது. 2017 அக்டோபர் 6, 7 தேதிகளில் சோலாரிஸ் டூத்தாமாசில் உள்ள பப்ளிக்கா பேரங்காடியில் நடத்த ஏற்பாடானது. 43 ஆலைகளின் 250 வகை பீர்கள் வருவதாக இருந்தது. பாஸ் கட்சித் தரப்பு கடும் எதிர்ப்புத் தெரிவித்தது. கோலாலம்பூர் மாநகர மன்றம் அனுமதி மறுத்தது. பிறகு, விழாவைத் தாக்கத் தீவிரவாதிகள் திட்டமிட்டிருந்ததாகத் தகவல் கிடைத்தது என்று போலீஸ் படைத் தலைவர் தெரிவித்தார்.

பாதுகாப்பு மிரட்டல் இருந்தால் விழாவைத் தள்ளிவைப்பது நியாயம். முஸ்லிம் பெரும்பான்மை நாட்டில் மது விழாவைப் பொது இடத்தில் எவ்வளவு வெளிச்சம் போட்டு நடத்தலாம் என்ற கேள்வியிலும் நியாயம் உண்டு. அந்த உணர்வை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அன்று நாடு முழுவதும் வாதிட்டது ஒரு பேரங்காடிக் கூடத்தில் இரண்டு நாள் நடக்கவிருந்த நிகழ்ச்சியைப் பற்றி. நுழைவுச் சீட்டு வாங்கி, விலை கொடுத்து, சிறு குவளையில் ருசி பார்க்க வரும் முஸ்லிம் அல்லாத பெரியவர்களுக்கானது அது.

சரியாக ஓராண்டு கழித்து, 2018 செப்டம்பரில், சிலாங்கூரிலும் சுற்றுவட்டாரத்திலும் மெத்தனால் கலந்த போலி மதுவைக் குடித்தவர்கள் மருத்துவமனைகளில் வந்து விழத் தொடங்கினர். சில வாரங்களில் 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் பலர் வெளிநாட்டுத் தொழிலாளர்கள், உள்நாட்டவரும் உண்டு. மெத்தனால் சாயத்துக்கும் கரைப்பானுக்கும் பயன்படும் தொழிற்சாலைப் பொருள். உடலுக்குள் சென்றால் கண் பார்வையைப் பறிக்கும். அளவு கூடினால் உயிரைப் பறிக்கும். மலிவாகக் கிடைத்தது என்பதற்காகவே அந்த பாட்டில்கள் விற்றன.

நடக்காத விழாவைப் பற்றிய சர்ச்சை இன்றும் பலருக்கு நினைவிருக்கிறது. நடந்த சாவுகள் எத்தனை பேருக்கு நினைவிருக்கின்றன?

*வரிக் கணக்கு சொல்வது*

மலேசியாவில் மது வரி, அதிலுள்ள சுத்த ஆல்கஹாலின் அளவை வைத்து வசூலிக்கப்படுகிறது. 2016 மார்ச் முதல் பீருக்கு ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 175 வெள்ளி. 10 விழுக்காடு உயர்வுக்குப் பின் 192 வெள்ளி 50 காசு.

320 மில்லி டின் ஒன்றில் 5 விழுக்காடு ஆல்கஹால் என்றால், சுத்த ஆல்கஹால் 16 மில்லி. அதற்குக் கலால் வரி மட்டும் முன்பு 2 வெள்ளி 80 காசு. இப்போது 3 வெள்ளி 8 காசு. 330 மில்லி, 7 விழுக்காடு கொண்ட ஒரு ஐ.பி.ஏ.வுக்கு ஏறக்குறைய 4 வெள்ளி 45 காசு. இதற்கு மேல் விற்பனை வரி, வாடகை, குளிர்பதனம், சம்பளம். கோலாலம்பூர் மதுக்கூடங்களில் ஒரு குவளை கிராஃப்ட் பீர் 30 வெள்ளியைத் தொடுவது இப்படித்தான். 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தை 26 நாள் வேலைக்குப் பிரித்தால் நாளுக்கு 65 வெள்ளி. இரண்டு குவளை குடித்தால் ஒரு நாள் கூலி போய்விடும். தோட்டத் தொழிலாளி அந்த விழாவுக்குப் போகப் போவதில்லை.

அவர் எங்கே போகிறார் என்பதுதான் கேள்வி. விஸ்கி, பிராந்தி போன்ற கடுமதுவுக்கு 2016இல் வைத்த விகிதம் லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 150 வெள்ளி. உயர்வுக்குப் பின் 165 வெள்ளி. அதாவது, ஒரு டின் பீரில் உள்ள அதே 16 மில்லி ஆல்கஹால் விஸ்கியாக வந்தால் வரி 2 வெள்ளி 64 காசுதான். சம்சு வகைகளுக்கு விகிதம் அதைவிடவும் குறைவு. 5 விழுக்காடு பானத்துக்குக் கூடுதல் வரி, 40 விழுக்காடு பானத்துக்குக் குறைந்த வரி. மிதமானதைக் குடி என்று சொல்ல வேண்டிய வரி, கடுமையானதைக் குடி என்று சொல்கிறது.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. பீர் வரியைக் குறைக்க வேண்டும் என்று பெரிய மது நிறுவனங்களும் பல ஆண்டுகளாகக் கேட்டுவருகின்றன. அவர்களுக்கு அது வியாபாரம். எந்த மதுவும் உடலுக்கு நல்லதல்ல. கிராஃப்ட் பீரில் ஆல்கஹால் சாதாரண பீரைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம். பீரை மலிவாக்குவது ஒன்றே வழி என்று கொள்ள வேண்டியதில்லை. கடுமதுவின் விகிதத்தை பீரின் விகிதத்துக்கு மேலே கொண்டுவந்தாலும் முரண்பாடு தீரும்.

*தோட்டத்து மக்கள் எதிர்த்தது எதை?*

மலாயாத் தமிழர்களுக்கு மது எதிர்ப்பு புதிதல்ல. ஆங்கிலேயர் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. காலையில் வாங்கிய கூலி மாலையில் அங்கேயே திரும்பிப் போனது. 1941இல் ஆர்.எச். நாதன் முன்னின்ற கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. அந்தப் போராட்டம் துப்பாக்கியால் அடக்கப்பட்டது. 1947இல் கெடா, பீடோங் வட்டாரத்தில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. போலீசாருடன் மோதல் வரை போனது.

அந்தப் போராட்டங்களை நடத்தியவர்கள் குடியின் விலையைத் தங்கள் வீட்டில் கொடுத்தவர்கள். கூலி, அரிசி, பிள்ளையின் படிப்பு ஆகியவை அவர்கள் கணக்கில் இருந்தன. பனையோ தென்னையோ தந்த கள், வலிமையில் பீருக்குச் சமமானது. அன்றன்றே புளித்துவிடும் பானம். அவர்களின் கோபம் அந்தப் பானத்தின் மீது மட்டுமல்ல. தொழிலாளியின் சம்பளத்தைக் குறிவைத்து அதை விற்ற ஏற்பாட்டின் மீது.

பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. எண்ணெய்ப் பனையும் வீடமைப்பும் வந்தன. மக்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். கள்ளுக்கடை மறைந்தது. அதன் இடத்தைச் சிறு பாட்டில் சம்சு பிடித்தது. சட்டைப் பையில் அடங்கும் அளவு, கையிலுள்ள சில்லறைக்குக் கட்டுப்படியாகும் விலை. கள்ளைவிடப் பல மடங்கு கடுமையானது.

இதில் அரசாங்கம் எதுவுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. திருத்தப்பட்ட உணவு விதிமுறைகள் 2017 டிசம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தன. மது வாங்கும் வயது 18இலிருந்து 21ஆக உயர்ந்தது. சம்சு போன்ற கலவைக் கடுமதுவை 700 மில்லிக்குக் குறையாத கண்ணாடி பாட்டிலில்தான் விற்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. சிறு பாட்டில் வியாபாரத்தின் அடிமடியில் கைவைத்த நல்ல விதி அது. ஆனால் விதியை எழுதுவது ஒன்று. சிறு பட்டணத்து மளிகைக் கடை வரை போய்ச் சோதிப்பது இன்னொன்று. கடத்தல் சரக்குக்கும் போலிச் சரக்குக்கும் எந்த விதியும் தெரியாது. வரி ஏற ஏற, சட்டபூர்வ விலைக்கும் கள்ளச்சந்தை விலைக்கும் இடைவெளி விரிகிறது. அந்த இடைவெளியில்தான் மெத்தனால் பாட்டில் நுழைகிறது.

*அடுத்து என்ன?*

கிராஃப்ட் பீர் நிகழ்ச்சிகளை முறைப்படுத்துவது எளிது. மூடிய இடம், நுழைவாயிலில் அடையாள அட்டைச் சோதனை, முஸ்லிம்களுக்கு அனுமதி இல்லை என்ற தெளிவான அறிவிப்பு, சிறு குவளை, சாப்பாடு, வீடு திரும்ப வாடகை வண்டி. போகிறவர்களும் ஒன்றை மறக்கக் கூடாது. 2020 அக்டோபர் முதல் வாகனமோட்டிகளுக்கான வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராமிலிருந்து 50 மில்லிகிராமாகக் குறைந்தது. குடித்துவிட்டு வண்டியோட்டி மரணம் விளைவித்தால் 10 முதல் 15 ஆண்டு சிறை, 50,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம். நான்கு சிறு குவளை ருசி பார்த்தவரும் வண்டிச் சாவியைத் தொடாமல் இருப்பதே நல்லது.

கடினமான வேலை வேறிடத்தில் இருக்கிறது. கடுமதுவின் வரி விகிதம் ஏன் பீருக்குக் கீழே நிற்கிறது என்று நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும். 700 மில்லி விதி எத்தனை கடைகளில் சோதிக்கப்பட்டது, எத்தனை பேர் மீது வழக்குப் போடப்பட்டது என்ற கணக்கைச் சுகாதார அமைச்சிடம் கேட்க வேண்டும். மது வரியில் வரும் கூடுதல் வருமானத்தில் ஒரு பங்கு, குடியிலிருந்து மீள விரும்புகிறவர்களுக்குத் தமிழில் ஆலோசனை தரும் சேவைக்குப் போக வேண்டும் என்று கோர வேண்டும். குடும்பத்தில் ஒருவர் குடித்த மறுநாள் பார்வை மங்குகிறது, வயிறு வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றால், போதை தெளியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்பது ஒவ்வொரு தாமானிலும் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தியர் சமூகத்தின் பிரதிநிதிகள் இந்தக் கேள்விகளை எழுப்ப ஒரு விழாவோ சர்ச்சையோ வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்கு முன்பான கலந்தாய்வுகளிலேயே மனுவாக எழுதிக் கொடுக்கலாம்.