தட்டில் எதற்குப் பதிலாகச் சோயா?

புரட்டாசி பிறந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் கறிக்கடைகளில் கூட்டம் குறையும். மளிகைக் கடைகளில் மீல்மேக்கர் என்கிற சோயா உருண்டை கேட்டு வருகிறவர்கள் கூடுவார்கள். சனிக்கிழமை விரதமிருந்து, ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலையில் சீனிவாசப் பெருமாளைச் சேவித்துவிட்டு வருகிற வீடுகளில், அந்த ஒரு மாதம் ஆட்டுக்கறிக் குழம்பின் இடத்தில் மீல்மேக்கர் குழம்பு கொதிக்கும். இதய நோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்கிறவர்கள் கவனிக்க வேண்டியது இந்த இடமாற்றத்தைத்தான். சோயா சாப்பிட்டால் கொலஸ்ட்ரால் குறையுமா என்று கேட்பவரிடம், எதை விட்டுவிட்டு அதைச் சாப்பிடப் போகிறீர்கள் என்று திருப்பிக் கேட்டாக வேண்டும்.

சோயாவின் புகழ் உச்சிக்குப் போனது 1995-இல். அந்த ஆண்டு நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஜேம்ஸ் ஆண்டர்சனும் அவருடைய குழுவினரும் 38 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சோயா புரதம் கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.-ஐ ஏறக்குறைய 13 சதவீதம் குறைக்கிறது என்று எழுதினார்கள். அந்த ஆய்வுகளில் கொடுக்கப்பட்ட சோயா புரதம் சராசரியாக நாளொன்றுக்கு 47 கிராம். 1999-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஒரு படி மேலே போய், தினம் 25 கிராம் சோயா புரதம் இதய நோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்று உணவுப் பொட்டலங்களில் அச்சடிக்க அனுமதித்தது. அதன் பிறகு வந்த கணக்குகள் சுருங்கிக்கொண்டே போயின. 2006-இல் அமெரிக்க இதயச் சங்கம் 22 ஆய்வுகளை அலசியபோது கிடைத்த குறைவு வெறும் 3 சதவீதம். 2017-இல் உணவு, மருந்து நிர்வாகமே தன் அனுமதியைத் திரும்பப் பெறலாம் என்று முன்மொழிந்தது. 2019-இல் 46 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பாய்விலும் 3 சதவீதத்தைச் சற்றே தாண்டியதுதான் மிச்சம். எல்.டி.எல். 160 இருக்கிற ஒருவருக்கு இது ஐந்து புள்ளி.

ஐந்து புள்ளிக்காகவா இவ்வளவு பேச்சு என்று சலித்துக்கொள்வதற்கு முன், சோயாவுக்குள் எது எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பெயர் பெற்றவை ஐசோஃபிளேவோன்கள்: ஜெனிஸ்டீன், டெய்ட்சீன், கிளைசிடீன். மாத்திரையாகவும் விற்கிறார்கள். ஆனால் அவற்றைத் தனியே பிரித்துக் கொடுத்த ஆய்வுகளில் கொலஸ்ட்ரால் அசையவில்லை என்பதே 2006 அறிக்கையின் தீர்ப்பு. கொழுப்புக்காக இந்த மாத்திரைக்குச் செலவு செய்கிற நோயாளியைத் தடுப்பது ஆலோசகரின் கடமை. அடுத்தது ஸ்டெரால்கள். இவை குடலில் கொலஸ்ட்ரால் உறிஞ்சப்படுவதைத் தடுப்பது உண்மை. நாளொன்றுக்கு 2 கிராம் போனால் எல்.டி.எல். 8 முதல் 10 சதவீதம் குறையும். ஆனால் சோயாவிலிருந்து எண்ணெய் எடுக்கும்போது ஸ்டெரால்கள் எண்ணெயோடு போய்விடுகின்றன. அந்த எண்ணெயிலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய கால் கிராம்தான். மீல்மேக்கரோ எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சுகிற மாவை அழுத்திச் சுட்டுப் பொரியவைத்த பண்டம். அதில் மிஞ்சியிருப்பது புரதமும் நார்ச்சத்தும் ஐசோஃபிளேவோனும். 100 கிராம் உலர்ந்த மீல்மேக்கரில் பாதிக்குமேல் புரதம்.

புரட்டாசிச் சமையலறைக்குப் பொருத்தமான ஆய்வு டொரான்டோவின் டேவிட் ஜென்கின்ஸ் குழு 2010-இல் வெளியிட்டது. சோயாவின் சொந்த வேலை எவ்வளவு, கறியையும் கொழுப்புள்ள பால் பண்டங்களையும் அது தட்டிலிருந்து தள்ளிவிடுவதால் வருகிற லாபம் எவ்வளவு என்று அவர்கள் பிரித்துக் கணக்கிட்டார்கள். சொந்த வேலை 4 சதவீதத்துக்குச் சற்று மேல். இடமாற்றத்தின் லாபம் 3.6 முதல் 6 சதவீதம். இரண்டையும் சேர்த்தால் 8 முதல் 10 சதவீதம் வரை. மாத்திரை தராத பலனை மாற்றுச் சமையல் தருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

நம் ஊர் நோயாளிக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாடு உள்ளிட்ட பகுதிகளில் நடந்து 2014-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் (ICMR-INDIAB) ஆய்வில் 79 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு கொழுப்பு அளவில் கோளாறு இருந்தது. எல்.டி.எல். கூடியிருந்தவர்கள் ஏறக்குறைய 12 சதவீதம்தான். நல்ல கொழுப்பான எச்.டி.எல். குறைந்திருந்தவர்கள் 72 சதவீதம், டிரைகிளிசரைடு கூடியிருந்தவர்கள் 30 சதவீதத்தை ஒட்டி. இந்தப் படத்தை வரைவதில் சோற்றுக் குவியலுக்குப் பெரிய பங்கு உண்டு. ராஜபாளையம் நூற்பாலையில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர், மலைபோல் சோறும் ஓரமாகக் கொஞ்சம் தொட்டுக்கொள்ளவும் என்று சாப்பிட்டால், மேலே நாலு மீல்மேக்கர் உருண்டை கூடுவதால் ஒன்றும் மாறாது. ஒரு கரண்டி சோறு குறைந்து அந்த இடத்தில் மீல்மேக்கர் வந்தால்தான் கணக்கு மாறும்.

சமைக்கிற விதமும் பலனைக் கெடுத்துவிடும். வெந்நீரில் ஊறிய மீல்மேக்கர் பஞ்சு போன்றது. நன்றாகப் பிழிந்து குழம்பில் போட்டால் குழம்பை உறிஞ்சும். மாவு தடவி 'சிக்ஸ்டி ஃபைவ்' என்று பொரித்தால் எண்ணெயை உறிஞ்சும். ரேஷன் பாமாயிலில் நாற்பது சதவீதத்துக்குமேல் நிறைவுற்ற கொழுப்பு; சோயா எண்ணெயில் 15 சதவீதம் அளவுக்குத்தான். பாமாயிலில் பொரித்த மீல்மேக்கரைக் கறிக்குப் பதில் என்று எழுதிக் கொடுப்பது நோயாளிக்குச் செய்கிற தீங்கு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா விஷயத்தில் மட்டும் கொஞ்சம் இளக வேண்டியிருக்கிறது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம், ஊரின் பெருமை. அதை அடியோடு விலக்கச் சொன்னால் நோயாளி மறு ஆலோசனைக்கே வரமாட்டார். பால் கொழுப்பில் மூன்றில் இரண்டு பங்கு நிறைவுற்றது என்பதைச் சொல்லி, எந்த நாள், எவ்வளவு என்று பேசி முடிப்பதே நடக்கிற காரியம்.

தைராய்டுக்கு லெவோதைராக்சின் சாப்பிடுகிறவர்களுக்குச் சோயா அந்த மருந்து உறிஞ்சப்படுவதைக் குறைக்கலாம். இரண்டுக்கும் நடுவே சில மணி நேரம் இடைவெளி வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர், மாரடைப்பு வந்தவர் யாரும் சோயாவை நம்பி ஸ்டாடின் மாத்திரையை நிறுத்தக் கூடாது. இதைச் சீட்டில் எழுதாமல் அனுப்ப வேண்டாம்.

உணவுச் சீட்டில் 'சோயா சேர்க்கவும்' என்று எழுதுவதை இனி விட்டுவிடலாம். உலர்ந்த எடையில் எத்தனை கிராம், வாரத்தில் எந்த வேளை, எதை எடுத்துவிட்டு, எந்த எண்ணெயில், எப்படிச் சமைத்து என்று எழுத வேண்டும். 50 கிராம் உலர்ந்த மீல்மேக்கர் என்பது 25 கிராம் புரதம். ஒரு தராசில் நிறுத்து நோயாளியின் வீட்டாருக்குக் காட்டிவிட்டால் மறக்க மாட்டார்கள். புரட்டாசிக்கு முன்னும் ஐப்பசி தொடக்கத்திலும் எடுத்த ரத்தப் பரிசோதனை முடிவுகளையும், நடுவே அவர்கள் உண்மையில் என்ன சாப்பிட்டார்கள் என்ற குறிப்பையும் சேர்த்து வைக்குமாறு இரு ஊர்களின் உணவியல் நிபுணர்களையும் இவ்விதழ் கேட்டுக்கொள்கிறது.