எட்டு போட்டால் போதுமா?



பதினெட்டு வயது முடிந்ததும் நம் வகுப்பில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, "மச்சி, லைசென்ஸ் எடுத்துட்டியா?" என்பதுதான். "வண்டி ஓட்டக் கத்துக்கிட்டியா?" என்று யாரும் கேட்பதில்லை. தீபாவளிக்குத் துணி எடுப்பது போல லைசென்ஸையும் 'எடுக்கிறோம்'. கோளாறு இந்தக் கேள்வியிலேயே இருக்கிறது என்பது என் கருத்து.

எல்.எல்.ஆர். போடுவதற்குக் கேள்வி பதில் புத்தகத்தை முதல் நாள் இரவு மனப்பாடம் செய்கிறோம். பிறகு ஏதாவது ஒரு கிரவுண்டில் இரண்டு நாள் சாயங்காலம் எட்டு போட்டுப் பார்க்கிறோம். ஃபர்ஸ்ட் கியர், பாதி கிளட்ச், கால் தரையில் படக்கூடாது. அவ்வளவுதான் தயாரிப்பு! எட்டு போடுவது வீண் என்று நான் சொல்லவில்லை. மெதுவான வேகத்தில் வண்டியைச் சாயாமல் திருப்பத் தெரியாதவன் வேகமாகப் போய் என்ன செய்வான்? ஆனால் அந்த எட்டுக்குள் எதிரே லாரி வராது. பின்னால் ஹாரன் அடிக்க மாட்டார்கள். மணல் கொட்டிக் கிடக்காது.

நம் ஊர் ரோடு எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். பெருங்களத்தூரில் கிளம்பும் பைபாஸ் நம் புழலில் வந்து ஜி.என்.டி. சாலையைத் தொடுகிறது. இந்தப் பக்கம் மாதவரம், மணலி, எண்ணூர். அந்தப் பக்கம் செங்குன்றம், கும்மிடிப்பூண்டி. ஹார்பருக்குப் போகும் கண்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவில்தான் நாம் தினமும் காலேஜுக்கு வருகிறோம்.

டிரெய்லர் இடது பக்கம் திரும்பும்போது முதலில் கொஞ்சம் வலது பக்கம் ஒதுங்கும். இடது பக்கம் பெரிய இடைவெளி கிடைத்த மாதிரி தெரியும். "சந்து கிடைச்சிடுச்சு" என்று பைக்கை விட்டால் தீர்ந்தது! முன் சக்கரம் போன வழியில் பின் சக்கரம் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்கு, கேபினை ஒட்டி இடது பக்கத்தில் நிற்பவன் கண்ணில் படவே மாட்டான். எங்கப்பா டிரெய்லர் ஓட்டுகிறவர். அவர் எனக்குச் சொன்னது ஒரே பாடம்தான்: "அவன் கண்ணாடி உனக்குத் தெரியலன்னா, அவனுக்கு நீ தெரியலன்னு அர்த்தம்." எந்தக் கேள்வி பதில் புத்தகத்திலும் நான் இதைப் பார்க்கவில்லை.

கணக்கும் கொஞ்சம் பார்ப்போம். 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் போகிறது. ஆபத்தைப் பார்த்து, மூளைக்கு உறைத்து, கால் பிரேக்குக்குப் போவதற்குள் ஒரு நொடி ஆனால், 40 அடி கண்டெய்னரின் நீளத்தைவிட அதிக தூரம் வண்டி ஓடியிருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்கு என்று பிசிக்ஸில் எழுதி மார்க் வாங்கியவர்கள்தானே நாம்? ஆக்ஸிலேட்டரைத் திருகும்போது அந்த ஞாபகம் எங்கே போகிறது?

2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44-க்கும் மேல் இரு சக்கர வாகனத்தில் போனவர்கள். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர் இறந்திருக்கிறார்கள். தேர்வு என்பதே இப்படிப்பட்ட சாவுகளால் வந்ததுதான். பிரிட்டனில் 1934-இல் சாலையில் 7,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு, 1935-இல், ஓட்டுநர் தேர்வைக் கட்டாயமாக்கினார்கள். உயிரைக் காப்பாற்ற வந்த தேர்வை நாம் கார்டு வாங்கும் சடங்காக்கி விட்டோம்.

என் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். கிளீனராகப் பல வருடம் பக்கத்து சீட்டில் இருந்து ரோட்டைப் படித்தவர். என் சித்தப்பா ஐந்தாவதோடு நின்றவர். டிரான்ஸ்போர்ட் வண்டி லைசென்ஸுக்கு எட்டாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்ற விதி இருந்ததால் கிளீனராகவே காலம் தள்ளினார். 2019-இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். போன வருடம் அவர் எல்.எல்.ஆர். போடப் போகும்போது நான்தான் உட்கார்ந்து வாசித்துக் காட்டினேன். முக்கோணத்துக்குள் இருந்தால் எச்சரிக்கை, வட்டத்துக்குள் இருந்தால் கட்டாயம், செவ்வகம் என்றால் தகவல். எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது, பெயர்தான் தெரியவில்லை. நமக்குப் பெயர் எல்லாம் தெரியும்; ரோடு தெரியாது! இதில் யார் பாஸ், யார் ஃபெயில்? இரண்டும் சேர்ந்தால்தான் ஓட்டுநர்.

சட்டம் நமக்குச் சாதகமாகவே இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள்படி, டிரைவிங் ஸ்கூலில் சொந்த உபயோக வண்டிக்குப் பயிற்சி 21 நாளுக்குக் குறையக்கூடாது. அதில் கையில் வண்டியைக் கொடுத்து ஓட்ட வைப்பது 10 மணி நேரத்துக்குக் குறையக்கூடாது. கியர் பாக்ஸ், பிரேக் டிரம் விளக்கும் படங்களும் அங்கே இருக்க வேண்டும். பணம் கட்டிய நம்மில் எத்தனை பேர் அந்த 10 மணி நேரத்தைக் கேட்டு வாங்கினோம்? "டெஸ்ட் அன்னைக்கு வந்தா போதும் தம்பி" என்றால் "சந்தோஷம் சார்" என்று வந்து விடுகிறோம். லேத்தில் கை வைக்காமலே ஒர்க்‌ஷாப் பிராக்டிகலில் பாஸ் போட்டால் அதை டிப்ளமோ என்று ஒப்புக்கொள்வோமா?

இன்னொன்றும் உண்டு. எட்டு போடுகிறவனை ஓரமாக நின்று பார்க்கிறாரே மோட்டார் வாகன ஆய்வாளர், அந்த வேலைக்குக் கேட்கும் படிப்பு எது தெரியுமா? ஆட்டோமொபைல் அல்லது மெக்கானிக்கல் டிப்ளமோ! கூடவே ஒர்க்‌ஷாப் அனுபவமும் கனரக வாகன லைசென்ஸும் வேண்டும். நாளை அந்த இடத்தில் நம் பெஞ்சுக்காரனே நிற்கலாம். இன்று ஓட்டத் தெரியாமல் கார்டு வாங்கியவன், அன்று எந்த முகத்தோடு அடுத்தவனை ஃபெயில் போடுவான்?

எனவே நம் மாணவர் சங்கத்துக்கு மூன்று யோசனைகள். முதலாவது, எல்.எல்.ஆர். வாங்கிய நண்பர்கள் ஓட்டிய மணி நேரத்தை ஒரு நோட்டில் எழுதட்டும். 10 மணி ஆகாமல் டெஸ்டுக்குப் போவதில்லை என்று நமக்குள் ஒரு கட்டுப்பாடு. எல்.எல்.ஆருக்குப் பின் 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட். ஆறு மாதம் வரை அது செல்லும். அவசரம் எதற்கு? இரண்டாவது, வருடத்துக்கு ஒரு முறை அனுபவமுள்ள டிரெய்லர் டிரைவர் ஒருவரை அழைத்து, அவர் சீட்டில் நம்மை உட்கார வைத்து, எங்கே நின்றால் ஆள் தெரியாது என்று காட்டச் சொல்வோம். மூன்றாவது, நம் தெருவில் எழுதப் படிக்கச் சிரமப்படும் அண்ணன்மார், சித்தப்பாமாருக்கு விண்ணப்பம் நிரப்பவும் குறியீடுகளை வாசித்துக் காட்டவும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குவோம். அவர்கள் நமக்கு ரோட்டைச் சொல்லித் தரட்டும்.

லைசென்ஸ் பர்ஸில் இருந்தால் போலீஸ்காரர் விடுவார். பின் சக்கரம் விடாது நண்பர்களே! ஓட்டக் கற்றுக்கொள்வோம், லைசென்ஸ் பின்னால் தானே வரும்.