கைத்தொழில் இருக்கிறது, விலைப்பட்டியல் எங்கே?

கோல சிலாங்கூர்: ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான் பக்கம் வீட்டிலிருந்தே ரவிக்கை, குர்த்தா தைக்கும் நம் பெண்கள் இருக்கிறார்கள். இந்தியப் பெண் தொழில்முனைவோருக்காக அமானா இக்தியார் மலேசியா 2024-இல் 5 கோடி ரிங்கிட்டில் 'பெண்' கடனுதவித் திட்டத்தைத் தொடங்கியது.

கடனில் தையல் இயந்திரம் வாங்கலாம். கிள்ளான் லிட்டில் இந்தியா கடைக்காரரின் ஆர்டரை வாங்க முடியாது. கைப்பேசிப் படம் அவருக்குப் போதாது. மொத்த விலை என்ன, எந்தெந்த அளவுகள், குறைந்தது எத்தனை உருப்படி, சரக்கு எப்போது வரும், பணம் எப்போது தர வேண்டும்? இவை படத்தோடு ஒரே தாளில் இருக்க வேண்டும்.

சிக்கல் விலையில்தான். துணி, நூல், கூலி சேர்த்து 40 வெள்ளி அடக்கமாகும் குர்த்தாவை அக்கம்பக்கத்தில் 60-க்கு விற்கிறோம் என வைத்துக்கொள்வோம். கடைக்காரர் வாடகை, ஆள் சம்பளத்தைச் சொல்லி அதில் பாதி விலைக்குக் கேட்டால் 30 வெள்ளிதான். தைக்கத் தைக்க நட்டம். சொந்தக் கூலியைக் கணக்கில் சேர்க்காதவருக்கு அது கண்ணிலும் படாது.

பட்டியல் எழுத உட்கார்ந்தால்தான் இந்த உண்மை தெரியும். 2026 தீபாவளி நவம்பர் 8-இல். கடைகள் அதற்கு வெகு முன்பே சரக்கெடுக்கும். கடனோடு இந்த ஒரு தாளைத் தயாரிக்கவும் கற்றுத்தர வேண்டும்.