தவிடும் தேகபலமும்

சோறு வெண்மையாயிருப்பதே மேன்மை என்னும் பிரமை நம் ஜனங்களை இன்னும் விட்டபாடில்லை. 1929-இல் நோபல் பரிசு பெற்ற டச்சு வைத்தியர் எய்க்மன், 1890-களில் ஜாவாவில் கண்டதென்ன? தீட்டிய அரிசியையே தின்ற கோழிகள் கால் விளங்காமல் வீழ்ந்தன. தவிடு நீங்காத அரிசி கொடுத்ததும் தேறின. மனிதரை மாய்க்கும் பெரிபெரி வியாதியும் இவ்விதமே. தவிட்டிலுள்ள தயாமின் என்னும் சத்துக் குறைவே அதன் காரணம். நெல்லைப் புழுக்கினால் அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கி ஓரளவு தங்கும். தவிட்டை மாட்டுக்கு வைத்துவிட்டு, அதே சத்தை மாத்திரையாக விலைகொடுத்து வாங்குவது விவேகமாகுமா? நோயாளிக்கு வைத்தியர் விதிக்கும் மாத்திரையை நாம் குறைகூறவில்லை. ரேஷன் கடையிலும் பள்ளிச் சத்துணவிலும் அதிகம் தீட்டாத புழுங்கலரிசியே வேண்டுமென்று ஊர்தோறும் கிளர்ச்சி செய்வது தேசாபிமானிகளின் கடமையென்போம்.