இருநூறு ரூபாய் கருணை

போக்குவரத்துக் காவலரிடம் இருநூறு ரூபாய் கொடுத்துவிட்டுப் போவது ஏழைக்குக் கிடைக்கும் சலுகை என்று நண்பர் எழுதியிருக்கிறார். ஹெல்மெட் போடாதவனுக்கு அபராதம் 1,000 ரூபாய். கூலிக்காரனால் கட்ட முடியாது. காவலர் 200 வாங்கிக்கொண்டு விட்டுவிடுகிறார். இருவருக்கும் நிம்மதியாம். கூடவே இரண்டு உபரி நியாயங்கள்: வெயிலில் நிற்கிறவருக்குச் சம்பளம் போதவில்லை, கொடுக்கிறவன் இருப்பதால்தான் வாங்குகிறவன் இருக்கிறான். படிக்க இதமாகத்தான் இருக்கிறது. கட்டுரை முடிவதற்குள் எல்லோரும் நல்லவர்களாகிவிடுகிறார்கள்.

அபராதம் அதிகம் என்பதில் எனக்கும் சண்டை இல்லை. 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின் புதிய தொகைகள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன. நாள் கூலிக்குப் போகிறவனுக்கு ஆயிரம் ரூபாய் பெரிய அடிதான். குஜராத் அரசு 2019-லேயே ஹெல்மெட் அபராதத்தை 500 ஆகக் குறைத்தது. நம் அரசையும் குறைக்கச் சொல்லி நண்பர் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அரசாணை மூலம் எல்லோருக்கும் கிடைக்க வேண்டிய தள்ளுபடியை, நடுரோட்டில் ஒருவர் ஆள் பார்த்துக் கொடுக்கட்டும் என்கிறார்.

யாரைப் பார்த்து என்பதுதான் விஷயம். கட்சிக் கொடி கட்டிய கார் தடுப்பைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போகும். பின்னால் காய்கறி ஏற்றி வரும் குட்டி யானை ஓரங்கட்டப்படும். முதல் வேலையாகச் சாவியை உருவிவிடுவார்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ் எல்லாம் செல்போனில், டிஜிலாக்கரில் இருக்கும். அது செல்லும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளே சொல்கின்றன. ஆனாலும், “ஒரிஜினல் எங்கே?” ஒரிஜினல் இருந்தால் புகைச் சான்றிதழ். அதுவும் இருந்தால் பின் விளக்கு. தக்காளி வெயிலில் வேகும்; கடைக்காரர் மூன்றாவது முறையாகப் போன் பண்ணுவார். டிரைவர் இரண்டு நூறு ரூபாய்த் தாளை மடித்து ஆர்.சி. உறைக்குள் சொருகி நீட்டுவார். சாவி திரும்பி வரும். இவன் என்ன குற்றம் செய்தான்? நண்பர் சொல்லும் 1,000 ரூபாய் அபராதமே இங்கே கிடையாது. அப்புறம் எதில் சலுகை?

நண்பர் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியிருப்பது இரண்டு வேறு சரக்குகள். தப்பு செய்தவன் தப்பிக்கக் கொடுப்பது ஒன்று; தப்பே செய்யாதவன் தொல்லை தாங்காமல் கொடுப்பது மற்றொன்று. இந்த இரண்டாவதில் கொடுப்பவனுக்குத் தண்டனை கூடாது, அப்போதுதான் அவன் துணிந்து புகார் கொடுப்பான் என்று 2011-இல் எழுதியவர் கௌசிக் பாசு. அப்போது அவர் மத்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகர். அந்த யோசனையில் ஓட்டைகள் உண்டு. ஆனால் மடக்கியவனையும் மடங்கியவனையும் பிரித்துப் பார்க்க அவருக்குத் தெரிந்திருந்தது.

முதல் வகைக்கு வருவோம். அதிகச் சுமை ஏற்றிய எம்.சாண்ட் லாரிக்குச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. பணம் கட்டினால் மட்டும் போதாது, அதிகப்படியான சுமையை இறக்கிய பிறகே வண்டி நகர வேண்டும். நண்பரின் கருணை இங்கே எப்படி வேலை செய்யும்? கைமாறும் காசு லாரிக்காரருக்கு லாபம், வாங்கியவருக்கும் லாபம். சுமை மட்டும் இறங்காது. பிரேக் பிடித்தால் நிற்காத அந்த வண்டிக்கு முன்னால் பைக்கில் போகிறவர் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆலத்தூர் மருந்துக் கம்பெனிக்கு ஷிஃப்டுக்குப் போகும் தொழிலாளியாக இருக்கலாம். 2022-இல் மட்டும் தமிழ்நாட்டுச் சாலைகளில் இறந்தவர்கள் 17,884 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாம்தான் நாட்டிலேயே முதலிடம்.

சம்பளக் கதைக்குக் கானாவிலிருந்து பதில் இருக்கிறது. அந்த நாட்டில் 2010-இல் காவலர் சம்பளத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கினார்கள். நெடுஞ்சாலையில் லாரிகளோடு பயணித்துக் கணக்கெடுத்த ஆய்வாளர்கள், லாரிக்காரர்கள் கொடுத்த தொகை குறையவில்லை, கூடியது என்று கண்டார்கள். நம் காவலருக்கு நல்ல சம்பளமும் நிழற்குடையும் வார விடுமுறையும் வேண்டும் என்பதில் மறுபேச்சில்லை. அவை அவருடைய உரிமை என்பதால் வேண்டும். லஞ்சத்துக்கு மருந்து என்பதால் அல்ல. அதே வெயிலில், அதே சம்பளத்தில், ஒரு டீயைக்கூடச் சொந்தக் காசில் குடிக்கிற காவலர்கள் இருக்கிறார்கள். நண்பரின் வாதம் முதலில் அவர்களைத்தான் அவமதிக்கிறது.

சட்டத்தை மீறுகிறவர்கள் இருக்கும்வரை காவலர் என்ன செய்வார் என்றும் கேட்கிறார். 2024 மே மாதத்தை நினைத்துக்கொள்ளட்டும். நாங்குநேரி அருகே அரசுப் பேருந்தில் ஏறிய காவலர் ஒருவர் டிக்கெட் எடுக்க மறுத்தார்; நடத்துநர் விடவில்லை; வீடியோ பரவியது. காவலர்களும் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று போக்குவரத்துத் துறை சொன்னது. அடுத்த சில நாட்களில் சென்னை உள்பட பல ஊர்களில் அரசுப் பேருந்துகளுக்கு அபராதம் விழத் தொடங்கியது: நோ பார்க்கிங், சீட் பெல்ட், சீருடை. ஆண்டுக்கணக்காக அதே இடத்தில் நின்ற பேருந்துகள்தான். இரு துறைகளின் செயலாளர்களும் பேசினார்கள், காவலரும் நடத்துநரும் கட்டிப்பிடித்துக்கொண்ட காட்சி வெளியானது, அபராத மழை ஓய்ந்தது. எப்போது வேண்டுமானாலும் எடுத்து, எப்போது வேண்டுமானாலும் உறையில் போடக்கூடிய கத்தியாகச் சட்டம் இருந்ததை ஊரே பார்த்தது.

எங்கள் திருப்போரூர் கந்தசாமி கோயில் உண்டியலில் 2024-இல் ஒரு பக்தரின் ஐபோன் விழுந்துவிட்டது. உண்டியலில் விழுந்தது சாமிக்குத்தான் என்று அதிகாரிகள் சொன்னதைக் கேட்டு நாடே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்த உண்டியலைப் பலர் பார்க்கத் திறந்து எண்ணுகிறார்கள், கணக்கு எழுதுகிறார்கள். ஆர்.சி. உறைக்குள் போகும் இருநூறுக்கு எந்த நோட்டில் வரவு?

கடைசியாக, கொடுப்பவன்தான் குற்றவாளி என்ற தீர்ப்பு. 2018 திருத்தத்துக்குப் பின் ஊழல் தடுப்புச் சட்டம் கொடுப்பவருக்கும் தண்டனை வைத்திருப்பது உண்மை. கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் ஏழு நாட்களுக்குள் புகார் செய்தால் அவர்மீது அந்தக் குற்றம் சாராது என்று அதே பிரிவு சொல்வதும் உண்மை. நண்பர் பாதியைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடியிருக்கிறார். வாங்கியவருக்கு மூன்றிலிருந்து ஏழு ஆண்டுகள் வரை சிறை என்ற பிரிவு அதற்கு முந்தைய பக்கங்களில்தான் இருக்கிறது. அதையும் ஒருமுறை படித்துவிட்டு அவர் தன் கட்டுரையைத் திரும்பப் பெறட்டும்.