அறுவைக்கு முன் ஒரு மாதிரி இருதயம்

வெண்கலச் சிலை வார்க்கும் சிற்பி முதலில் மெழுகில் உருவம் செய்து பார்க்கிறார். மெழுகில் நேர்ந்த பிழையை எளிதில் திருத்தலாம். உலோகத்தை ஊற்றிய பின் திருத்துவது அரிது. மாமல்லபுரத்துச் சிற்பக்கூடங்களுக்கு அண்மையில் நெம்மேலியில் வாழும் நமக்கு இவ்வுண்மை புதிதன்று. இதே முறை இன்று இருதய அறுவை மருத்துவத்திலும் கையாளப்படுகிறது.

ஒரு குழந்தையின் இருதயம் ஏறத்தாழ அதன் கைம்முட்டியளவே உடையது. அச்சிறு உறுப்பில் பிறவிக் குறை இருக்குமாயின் அதனைப் படத்தில் மட்டும் பார்த்து முழுமையாக அறிவது கடினம். ஆகவே மருத்துவர்கள் முப்பரிமாண அச்சு முறையை நாடுகின்றனர். அமெரிக்கரான சார்லஸ் ஹல் என்பவர் 1986-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். சிற்பி கல்லைச் செதுக்கிக் குறைக்கிறார். இவ்வியந்திரமோ படலத்தின்மேல் படலமாகச் சேர்த்து உருவத்தை வளர்க்கிறது. சில இயந்திரங்கள் முறுக்குப் பிழிவதுபோல் இளகிய பிளாஸ்டிக்கை இழையாகப் பிழிகின்றன. வேறு சில, திரவத்தை ஒளியால் இறுகச் செய்கின்றன. ஸ்கேன் எடுத்த குறுக்குவெட்டுப் படங்களைக் கணிப்பொறி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தர, அந்நோயாளியின் இருதயம் அதே அளவில் உருவாகிறது.

கொச்சி அமிர்தா மருத்துவமனை மருத்துவர்கள் 2017-இல் இத்தகைய அனுபவமொன்றை வெளியிட்டனர். எவ்வாறு சிகிச்சை செய்வது என்று முடிவெடுக்க இயலாதிருந்த ஐந்து நோயாளிகளுக்கு மாதிரி இருதயங்கள் செய்யப்பட்டன. அவர்களுள் இருவருக்கு, நுரையீரலுக்குச் செல்லும் குழாயும் உடலுக்குச் செல்லும் பெருநாடியும் வலது கீழறையிலிருந்தே புறப்பட்டிருந்தன. இக்குறையுள்ள இருதயத்தில் அறைகளுக்கிடையேயுள்ள துளையிலிருந்து பெருநாடிவரை உள்ளேயே ஒரு வழி அமைக்க முடியுமா என்பதே பெரும்பாலும் வினா. துளை எங்குள்ளது, எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை மாதிரியைக் கையில் ஏந்தி, திறந்து பார்த்து அறியலாம். ஐவருக்கும் திட்டமிட்டபடியே அறுவை வெற்றியாக முடிந்தது.

ஆயினும் மிகைப்படுத்துதல் கூடாது. பத்து மருத்துவமனைகளில் 40 நோயாளிகளிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வொன்றில், 19 பேருக்கே மாதிரியால் அறுவைத் திட்டம் செம்மைப்பட்டது. ஏனையோருக்கு முன்னைய முடிவே நிலைத்தது. எனவே எல்லோருக்கும் இது தேவையன்று. 2019-இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தார் மனித உயிரணுக்களைக் கொண்டு சிற்றிருதயம் ஒன்றை அச்சிட்டனர். எனினும் அது இரத்தத்தை இறைத்து அனுப்பும் ஆற்றல் பெற்றிருக்கவில்லை. அச்சிட்ட இருதயத்தை மனிதருக்குப் பொருத்தும் நாள் இன்னும் வரவில்லை.

எத்துணை நுட்பமான கருவியாயினும், வீட்டிலேயே மறைந்திருக்கும் நோயை அது கண்டுபிடிக்காது. ஆயிரம் குழந்தைகளுள் ஏறக்குறைய எட்டு அல்லது ஒன்பது குழந்தைகள் இருதயக் குறையுடன் பிறக்கின்றன. பால் குடிக்கையில் இளைத்து வியர்த்தல், உதடும் நாவும் நீலம் பாய்தல், அடிக்கடி நெஞ்சுச்சளி, எடை கூடாமை ஆகியவற்றைக் கண்டால், மாந்தம் என்று கைவைத்தியம் செய்து காலம் போக்கலாகாது. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை தொலைவிலில்லை. 2013-இல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து பரிசோதிக்கின்றனர். அந்நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்தி வைக்காதீர்கள். தகுதியுடைய குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குழந்தைகளின் இருதய அறுவைக்கும் உதவியுண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இத்தகைய குழந்தை பிறந்த வீடுகளில், கிரகணத்தில் வெளியே சென்றாள் என்றும், ராசியில்லாதவள் என்றும் தாயைப் பழிக்கும் பேச்சு எழுவதை நாம் கேட்டிருக்கிறோம். கருவில் இருதயம் உருவாகும் முதல் வாரங்களிலேயே நேரும் குறை இது. பெரும்பாலும் இன்ன காரணம் என்று கூறவும் இயலாது. தாயைத் தூற்றுவதில் செலவாகும் நேரம் குழந்தைக்கு உரிய நேரமன்றோ? மாமியாரும் கணவரும் அவளுடன் மருத்துவமனை வாயிலில் நிற்கட்டும். மருத்துவரின் கையிலுள்ள மாதிரியைப் பார்த்து, அஞ்சாமல் கேள்வி கேட்கட்டும். அக்குழந்தைக்குக் குடும்பம் செய்யக்கூடிய முதல் மருத்துவம் அதுவே.