கட்டணமில்லாக் கருவூலமும் கண்மூடிக் கல்வியும்

தமிழன் தன் ஊர் வரலாற்றைத் தானே அறியாதிருக்கின்றான் என்று நாம் மேடைதோறும் குமுறிவந்தோம். அக்குமுறலில் உண்மை இருந்தது. அந்நிலைக்குத் தக்க கரணியமும் இருந்தது. கோயிற் சுவர்களினின்றும் பாறைகளினின்றும் எடுத்த தமிழ்க் கல்வெட்டு மைப்படிகள் பல பத்தாண்டுகள் மைசூரில் முடங்கிக் கிடந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவருமாறு சென்னை உயர்முறைமன்றம் 2021ஆம் ஆண்டு ஆணையிட வேண்டியிருந்தது. அச்சேறிய தொகுதிகளோ பெருநகர்களின் ஒருசில நூலகங்களில் பூட்டிய பேழைகளுக்குள் இருந்தன. சிற்றூர்ப் பள்ளியாசிரியர் ஒருவர் தம்மூர்க் கோயிற் கல்லில் என்ன எழுதியிருக்கின்றது என்றறிய விரும்பினால், விடுப்பெடுத்துக்கொண்டு, வண்டியேறி, வாயிற்காப்போனிடம் கெஞ்சி நிற்க வேண்டிய இழிநிலை!

அந்த நிலை இன்று இல்லை. செருமானிய அறிஞர் உல்ட்சு தொகுத்து 1890ஆம் ஆண்டு வெளிவந்த முதல் தொகுதி தொடங்கித் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகள் இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை மின்னூல்களாக்கி எவரும் எடுத்துக்கொள்ளுமாறு வைத்திருக்கின்றது. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2017ஆம் ஆண்டு திறந்த மின்னூலகத்தில் அரிய நூல்களும் பழைய இதழ்களும் ஓலைச்சுவடிகளும் உள்ளன. பிரித்தானிய நூலகத்தின் அழிநிலை ஆவணங்களுக்கான திட்டமும் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனமும் சேர்ந்து தமிழ்ச் சிற்றூர்களின் வழக்காவணங்களையும் ஊர்க்கட்டு ஓலைகளையும் படமெடுத்து ஞாலத்தார் காண வைத்துள்ளன. கையடக்கப் பேசியொன்று வைத்திருக்கும் பதினான்கு அகவைச் சிறுவன், முன்னாளில் பேராசிரியர்க்கும் கிட்டாத கருவூலத்தின் வாயிலில் நிற்கின்றான்.

நிற்கின்றான், ஆனால் உள்ளே நுழைகின்றானா? அவனை அழைத்துச் செல்வார் யார்?

நம் வகுப்பறைகளில் வரலாறு இன்றும் எவ்வாறு கற்பிக்கப்பெறுகின்றது? அரசன் பெயர், அவன் பட்டப்பெயர், அவன் வென்ற போர், அவன் கட்டிய கோயில், ஆண்டு, அவ்வளவே. அதனையும் பாடநூலிலிருந்து படிப்பதில்லை. கடையில் விற்கும் வினாவிடைக் குறிப்பேட்டிலிருந்து மனப்பாடம் செய்து, தேர்வுத்தாளில் கொட்டிவிட்டு, மறுநாள் மறந்துவிடுகின்றனர். எவன் எழுதியதை எவன் சுருக்கி, அதனை எவன் மேலும் சுருக்கினானோ, அந்தச் சக்கையைத்தான் நம் பிள்ளைகள் வரலாறென்று மென்றுகொண்டிருக்கின்றனர்!

ஓர் எடுத்துக்காட்டை விரித்துரைப்போம். உத்தரமேரூர்க் குடவோலை முறையைப் பற்றிப் படிக்காத மாணவனே இல்லை. ஆயிரம் ஆண்டுகட்கு முன்னரே தமிழகத்தில் மக்களாட்சி தழைத்தது என்று பாடநூலும் சொல்கின்றது. தில்லியில் ஆள்வோரும் தமிழகத்தில் வாக்குக் கேட்கும் பொழுதெல்லாம் சொல்கின்றனர். நம் மேடைகளிலும் கைதட்டலுக்காகச் சொல்லப்படுகின்றது. முதற் பராந்தகனின் 12ஆம் 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919இலும் 921இலும், வெட்டப்பெற்ற அக்கல்வெட்டுகளை முழுமையாகப் படித்துவிட்டுத்தான் இவ்வாறு சொல்கின்றனரா?

இரண்டாம் கல்வெட்டு என்ன சொல்கின்றது? ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, சூதறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பிக்கின்றனர். ஆட்டை வாரியத்திற்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவர், ஏரி வாரியத்திற்கு அறுவர். பொறுப்புக் காலம் 360 நாள். கணக்குக் காட்டாதவனும் அவன் நெருங்கிய உறவினரும் மீண்டும் குடத்தில் பெயரிடத் தகுதியற்றவர். இவையெல்லாம் வியக்கத்தக்கனவே, இற்றை ஊராட்சித் தலைவர்கள் சிலர்க்கு இந்தக் கடைசி விதியைப் பொன்னெழுத்தில் பொறித்துக் கொடுக்கலாம். ஆனால் அதே கல்லில், அதே வரிகளில், பெயரிடத் தகுதியுடையவன் யார் என்பதும் இருக்கின்றதே! கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவனாக, தன் மனையில் வீடு கட்டியிருப்பவனாக, 35 அகவைக்கு மேல் 70க்குட்பட்டவனாக, ஆரிய மறை ஓதியுணர்ந்தவனாக அவன் இருத்தல் வேண்டும். அவ்வூர் நான்மறைப் பார்ப்பனர்க்கு விடப்பட்ட சதுர்வேதிமங்கலம். உழுதவன் பெயர் குடத்தில் இல்லை. ஏரியைத் தூர்வாரியவன் பெயர் இல்லை. பெண் ஒருத்தியின் பெயரும் இல்லை. இதுவா தமிழ்மக்களின் குடியாட்சி? முழுக் கல்வெட்டையும் மாணவன் முன் வைத்து, 'குடத்துக்குள் பெயர் விழாதவர் யார் யார்?' என்றொரு வினாவை மட்டும் கேட்டுவிட்டு ஆசிரியர் ஒதுங்கி நிற்கட்டும். குறிப்பேடு கற்பிக்காத வரலாற்றை அந்த ஒரு வினா கற்பித்துவிடும்.

இனித் திருவாரூர் மாவட்டத்துப் பள்ளியொன்றை எண்ணிப் பார்ப்போம். தஞ்சைப் பெருவுடையார் கோயிலைக் கட்டிய இராசராசன், அக்கோயிற் பணிக்கென 400 தளிச்சேரிப் பெண்டிரைக் குடியமர்த்தினான். அவர்கள் ஒவ்வொருவரின் பெயரும், எந்த ஊரின் எந்தக் கோயிலிலிருந்து கொண்டுவரப் பெற்றார் என்பதும், எந்தத் தெருச்சிறகில் எத்தனையாம் வீடு அவர்க்குக் கொடுக்கப்பெற்றது என்பதும் கல்லில் உள்ளன. ஆளுக்கொரு பங்கு, ஆண்டுக்கு 100 கலம் நெல். அப்பட்டியலில் திருவாரூரிலிருந்து போனவர்கள் உண்டு; பழையாறையிலிருந்தும் திருவையாற்றிலிருந்தும் போனவர்களும் உண்டு. இப்பட்டியல் தென்னிந்தியக் கல்வெட்டுகளின் இரண்டாம் தொகுதியில் முழுமையாக அச்சாகி, இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றது. தன்னூரிலிருந்து பெயர்த்துக்கொண்டு போகப்பெற்ற பெண்ணொருத்தியின் பெயரை, திருவாரூர்ப் பள்ளி மாணவி தன் வாயால் படிக்கும்பொழுது அவளுக்குத் தோன்றும் கேள்விகளை எந்தக் குறிப்பேட்டு வணிகன் எழுதித் தருவான்? விரும்பிச் சென்றார்களா? விட்டுப் பிரிந்தவர் யார்? அவர்கள் பெற்ற பிள்ளைகள் என்னவாயினர்?

அதே மாவட்டத்தில் திருப்பாம்புரம் உள்ளது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில், 1201ஆம் ஆண்டு, பஞ்சம் வாட்டியது. காசுக்கு மூன்று நாழி என்னும் அளவுக்கு விலை ஏறிவிட்டது. வேளாளன் ஒருவன் தன்னையும் தன் மக்கள் இருவரையும் 110 காசுக்குக் கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்டான். இருவரும் பெண்மக்கள். சோழர் ஆட்சி பொற்காலம் என்று முழங்கும் நம்மவர், இந்தக் கல்லின்முன் ஒரு நாழிகை நின்று பேசட்டும்!

இங்கே நம் தோழர் சிலர் முகம் சுளிப்பர் என்பதை அறிவோம். 'தமிழர் பெருமையைக் குலைக்க நாமே சான்று தேடிக் கொடுப்பதா? பகைவன் கையில் கோலைக் கொடுப்பதா?' என்பர். அவர்க்கு நாம் அழுத்தமாகச் சொல்வது இது. தமிழர் என்போர் அரியணையில் இருந்தவர் மட்டும் அல்லர். தன்னை விற்றுக்கொண்ட அந்த வேளாளனும் தமிழன். அவன் பெண்மக்கள் இருவரும் தமிழ்ப் பெண்கள். அவர்களை மறைத்துவிட்டு எழுதும் வரலாறு அரசனின் மெய்க்கீர்த்தியாக இருக்கலாமேயன்றித் தமிழின வரலாறு ஆகாது. மேலும், அடிமைப்பட்டதை மட்டுமா கல் சொல்கின்றது? 1429ஆம் ஆண்டு, விசயநகரத்தார் ஆட்சியில், வரைமுறையின்றி வரி தண்டிய அலுவலரையும் நிலக்கிழாரையும் எதிர்த்து, வலங்கை 98 குலத்தாரும் இடங்கை 98 குலத்தாரும் தம்முட்பகையை விட்டு ஒன்றுகூடி உறுதி எடுத்ததனைத் திருமுதுகுன்றத்துக் கல்வெட்டும் கொறுக்கைக் கல்வெட்டும் சொல்கின்றன. (திருமுதுகுன்றத்தை விருத்தாசலம் ஆக்கிய கதையை வேறோர் இதழில் பார்த்துக்கொள்வோம்.) உழைக்கும் மக்கள் வரி கொடோம் என்று கல்லில் வெட்டிவைத்த இந்தப் பெருஞ்செய்தியை அறிந்த பட்டதாரிகள் எத்தனை பேர்? பல்லாயிரம் ஆண்டுப் பழமையைச் சான்றேதுமின்றி நாவால் அளந்துவிட்டு, சான்றுள்ள நூற்றாண்டுகளைப் படிக்காமல் விடுவது இனப்பற்று ஆகாது, சோம்பல்.

சோம்பலைவிடக் கொடிய தடை ஒன்றும் உண்டு. அது மொழித்தடை. கல்லில் இருப்பது தமிழ், வெட்டியவன் தமிழன், கதைக்குரியவன் தமிழன். ஆயின் அக்கல்வெட்டைத் தேடும் மாணவன் முதலில் காண்பது ஆங்கிலம்! கல்வெட்டாண்டறிக்கைகள் ஒவ்வொரு கல்வெட்டின் செய்தியையும் ஆங்கிலத்தில் சில வரிகளாகவே சுருக்கித் தருகின்றன. தொகுதிகளில் தலைக்குறிப்புகள் ஆங்கிலம். இணையத்தில் அவற்றை ஏற்றியவர் இட்ட பெயர்களும் ஆங்கிலம். ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதித் தேடினால் பல வேளைகளில் ஒன்றும் வாராது. வெள்ளையன் எழுதிய பிழைக்கூட்டில் எழுதித் தேடினால் வரும். திருப்பாம்புரத்து வேளாளன் 1911ஆம் ஆண்டு படியெடுக்கப்பட்டபொழுது ஆங்கிலச் சுருக்கமாகத்தான் நூலேறினான். அவன் துயரை அவன் பெயரர்க்குப் பெயரர் ஆங்கிலத்தின் வழியேதான் அறியவேண்டுமாம்! பக்கங்களைப் படமாக மட்டும் ஏற்றிவைத்து, உள்ளே ஒரு சொல்லையும் தேட முடியாதபடி விட்டிருப்பது இன்னொரு கொடுமை. கோடிக்கணக்கில் விழா எடுக்கும் அரசு, இத்தொகுதிகளுக்கு ஊர்வாரியாகத் தமிழ்த் தலைப்பும் தமிழ்ச் சொல்லடைவும் செய்ய ஒரு சிறு குழுவை அமர்த்தக் கூடாதா? கல்வெட்டுத் தமிழ் படிக்கத் தெரிந்த இளைஞர் வேலையின்றித் திரிகின்றனரே!

அரசு செய்யும்வரை ஆசிரியர் கைகட்டி நிற்கவும் வேண்டா. 'தேர்வுக்குப் பாடம் முடிக்கவே நேரமில்லை. பழைய எழுத்து எமக்கே தெரியாது' என்பது அவர்கள் சொல்லும் மறுப்பு. பழைய எழுத்து முழுதும் தெரியவேண்டுவதில்லை; தொகுதிகளில் கல்வெட்டின் வாசகம் இற்றைத் தமிழெழுத்திலேயே அச்சாகியுள்ளது. இடையிடையே வரும் கிரந்த எழுத்துகளை மட்டும் ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்தால் போதும். ஆண்டுக்கு ஒரே ஒரு கல்வெட்டு. தம்மூர்க் கல்வெட்டு, இல்லையேல் அடுத்த ஊர்க் கல்வெட்டு. அதனை வகுப்பில் வரிவரியாகப் படித்துவிட்டு, பின்னர்க் கல்லிருக்கும் இடத்திற்கே பிள்ளைகளை அழைத்துச் செல்லட்டும். அச்சில் உள்ளதும் கல்லில் உள்ளதும் ஒத்திருக்கின்றனவா, எந்த வரி தேய்ந்துவிட்டது, எந்தக் கல்லின்மேல் சுண்ணாம்பு அடித்துள்ளனர் என்று அவர்களே குறித்து வரட்டும். (கல்லின்மேல் மாவும் கரியும் பூசித் தேய்க்கவிடாமல் பார்த்துக்கொள்க. திருப்பணி என்னும் பெயரில் மணல்வீச்சு நடத்தி அழித்த எழுத்துகளே போதும்.) கல்வெட்டில் வரும் மடை, வாய்க்கால், வயற்பெயர்கள் இன்றும் வழங்குகின்றனவா என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு எழுதட்டும். சில பெயர்கள் ஆயிரம் ஆண்டு கடந்தும் உழவன் வாயில் அப்படியே இருப்பதைக் கண்டு ஆசிரியரே வியப்பார்.

இக்கருவூலம் என்றும் திறந்தே இருக்கும் என்று எண்ணி ஒத்திப்போடுவாரும் உளர். 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவு தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலான துயரம் நமக்குத் தெரியாததன்று. அத்தீயின் நினைவைச் சுமந்த ஈழத்தமிழர்தாம் 2005ஆம் ஆண்டு நூலகம் என்னும் மின்னூலகத்தைத் தொடங்கி, நூல்களையும் இதழ்களையும் துண்டறிக்கைகளையும்கூட விடாமல் தொகுத்து, விலையின்றி வழங்கி வருகின்றனர். படி பலவாக இருந்தால் ஒரு தீ எல்லாவற்றையும் அழிக்க இயலாது என்பதை அவர்கள் பட்டறிந்தவர்கள். இணையத்திலும் தீ உண்டு. 2023 அக்தோபரில் நடந்த இணையத் தாக்குதலால் பிரித்தானிய நூலகத்தின் இணையப் பணிகள் பல திங்கள் முடங்கின. 2024 அக்தோபரில் அமெரிக்காவிலுள்ள இணைய ஆவணக் காப்பகமும் தாக்குண்டு சில நாள் கதவடைத்துக் கிடந்தது. தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளை நம் மக்களில் பலர் எடுப்பது அங்கிருந்துதான்.

ஆகலின் உணர்வாளர்கள் அடுத்த திங்களுக்குள் இதனைச் செய்க. உங்கள் மாவட்டத்துக் கல்வெட்டுகள் உள்ள தொகுதிகளைத் தேடி இறக்கி, கையடக்க நினைவுப்பேழை ஒன்றில் படியெடுத்து, அருகிலுள்ள அரசுப் பள்ளியின் வரலாற்றாசிரியரிடம் நேரில் கொடுங்கள். பேழையோடு உங்கள் ஊர்க் கல்வெட்டு உள்ள பக்க எண்ணை ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுக்க மறவாதீர்கள். அந்த எண் இல்லையேல் ஆயிரம் பக்கத்தில் அவர் எங்கே தேடுவார்?